பழைய பிக்கப்பும் 3,490 குரோனரும்: சந்தா கட்டாமல் ஒரு வாகனத்தை எங்கடதாக்கிறது



போன எபிசோட்டில காருக்கு மாதச் சந்தா கட்டுற கதையைப் பற்றிக் கதைச்சனாங்கள். பிஎம்டபிள்யூ 2022 இல சீற் சூடாக்கிக்குச் சில நாடுகளில மாதக் காசு கேட்டது, ஆக்கள் கத்தினது, அடுத்த வருஷம் அவை அதைக் கைவிட்டது எல்லாம் உங்களுக்குத் தெரியும். சூடாக்குற வயர் சீற்றுக்குள்ள ஏற்கெனவே இருக்கு. நீங்கள் காசு குடுத்து வாங்கின வயர். ஆனா அதைப் போடுற உரிமை மட்டும் வேற ஆற்றையோ சேர்வரில இருக்கு.

இந்த மடல் அதுக்கு எதிர்ப்பக்கம். சேர்வரே இல்லாத ஒரு வாகனத்தை, சின்னச் செலவில, கையால மாத்திறது. என்னட்ட இருக்கிறது 2009 ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். ஒற்றைக் கேபின், டீசல், பச்சை நம்பர் தகடு. ரெண்டு கொன்ட்ராக்ட்டுக்கு இடையில வேலை இல்லாமல் இருந்த ஆறு கிழமைக்குள்ள இதைச் செய்தனான். அந்த நேரம் கையில காசு குறைவு, நேரம் கூட. மொத்தச் செலவு 3,490 குரோனர். கீழ ஒவ்வொண்டா விலையோட சொல்லுறன்.

முதல்ல நீங்கள் கேக்கப்போற கேள்வி. 2024 இல நோர்வேயில வித்த புதுக் கார்களில 88.9 வீதம் முழு மின்சாரம். இந்த நாட்டில இருந்துகொண்டு ஏன் டீசல் பிக்கப்? நியாயமான கேள்வி. ஒஸ்லோ பொம்ரிங்கில டீசலுக்குக் கூடக் காசு, அதுவும் சரிதான். நான் வேலைக்கு இதில போறேல்லை, ரீபான்தான். பிக்கப் சனி ஞாயிறுக்கு. ஆருக்காவது வீடு மாறவேணும், தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரமும் ஸ்பீக்கரும் ஏத்தவேணும், கோயில் திருவிழாவுக்குச் சாமான் இறக்கவேணும் எண்டா குருறுதாலன் முழுக்க எனக்குத்தான் கோல் வரும். மின்சாரப் பிக்கப்பும் இங்க விக்குது. மாக்ஸஸ் ரி90 எண்டதுக்கு 88.5 கிலோவாற்மணி பற்றரி. ஆனா அதின்ர விலையில என்ர பிக்கப் போல கனக்க வாங்கலாம்.

மாமாவின்ர பாடம்

எனக்கு உதவி செய்தது என்ர மாமா. அம்மாவின்ர தம்பி. சுன்னாகத்தில கராச்சில வேலை செய்தவர், தொண்ணூறுகளின்ர கடைசியில இங்க வந்தவர். நான் இன்ஃபர்மாட்டிக் படிச்ச ஆள், எனக்கு சொல்டரிங் தெரியும். ஆனா ஒரு வாகனத்துக்கு முன்னால நிண்டு என்ன செய்யிறது எண்டு யோசிக்கிற முறை அவரிட்டத்தான் படிச்சனான்.

உங்களில கனபேர் வீட்டில அரைகுறையாக் கேட்டிருப்பீங்கள். 1990 ஜூனில சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோ போட்டு பிபிசி தமிழோசை கேட்டவை. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்ச மண்ணெண்ணெயும் ஒரு திரியும் வைச்சு அதில படிச்சு ஓஎல் எழுதினவை இப்ப உங்கட ரீச்சரா, உங்கட டொக்டரா இருக்கினம்.

மோட்டார்சைக்கிளும் பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில ஓடினது. அது எப்பிடி? பெற்றோல் குளிரிலயும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சாதாரண வெப்பநிலையில லேசில ஆவியாகாது, அதால குளிர்ந்த எஞ்சின் அதில ஸ்டார்ட் வராது. ஆனா எஞ்சின் ஒருக்கா சூடாகினா மண்ணெண்ணெயிலயும் ஓடும். அப்ப தேவை என்ன? ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். ஒரு சின்னப் போத்தலில பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைச்சிருந்து, காபரேற்றருக்குள்ள கொஞ்சம் விட்டு உதைச்சு, சூடாகினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. புகை வரும், எஞ்சின் இடிக்கும், ஒயில் தண்ணியாப் போகும். ஆனா ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"அப்ப எங்களிட்ட மனுவல் இல்லை தம்பி," எண்டார் மாமா. "அது ஏன் ஓடேல்லை எண்டு மட்டும்தான் யோசிச்சனாங்கள். புதுசா என்ன பூட்டலாம் எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை."

அதுதான் இந்த முழு வேலைக்கும் எங்கட விதி. என்ன பூட்டலாம் எண்டு பாக்காதை. இந்த வாகனம் எந்த இடத்தில உனக்குக் கரைச்சல் குடுக்குது எண்டு பார். அந்த இடத்தை மட்டும் மாத்து.

1. பின் தட்டு: 1,150 குரோனர்

கரைச்சல்: சாமான் வழுக்குது. ஒரு பெட்டி மட்டும் ஏத்தினா அது ஒவ்வொரு ரவுண்டபௌற்றிலயும் இஞ்சால அங்கால ஓடும்.

செய்தது: 12 மில்லிமீற்றர் பிளைவூட் வாங்கி, தட்டின்ர குறுக்கால மாறி மாறிப் போடக்கூடிய ரெண்டு தடுப்புப் பலகை வெட்டினனாங்கள். தட்டின்ர ரெண்டு பக்கச் சுவரிலயும் மரச்சட்டத்தில காடி வைச்சு, பலகையை மேல இருந்து இறக்கினாப் போதும். கீழ தடிச்ச ரப்பர் பாய். பலகைக்கு ரெண்டு தரம் வெளிப்பூச்சு, வெட்டின விளிம்புக்கு மூண்டு தரம். தண்ணி உள்ள போறது விளிம்பாலதான்.

ரப்பர் பாயைச் சும்மா நினையாதீங்கோ. ஐரோப்பியத் தரக் கணக்கில, கட்டின சுமை முன்பக்கமா தன்ர எடையில 80 வீத விசையையும், பக்கவாட்டிலயும் பின்னுக்கும் 50 வீத விசையையும் தாங்கவேணும். 100 கிலோ ஸ்பீக்கர் எண்டா, சடார் எண்டு பிறேக் அடிக்கேக்க 80 கிலோ ஆள் பின்னால இருந்து தள்ளுற மாதிரி. இரும்புத் தட்டில உராய்வு குறைவு, ரப்பர் அதில பெரிய பங்கைத் தானே எடுக்கும். மிச்சத்தைத்தான் பட்டி எடுக்குது. பட்டியைத் தட்டில ஏற்கெனவே இருக்கிற கொழுவியில மட்டும் கட்டுங்கோ, பலகையில ஸ்குரூ போட்டு அதில கட்டாதீங்கோ.

2. தட்டுக்கு வெளிச்சம்: 620 குரோனர்

கரைச்சல்: டிசம்பரில பின்னேரம் நாலு மணிக்கே கும்மிருட்டு. ஒரு கையில ஃபோன் ரோர்ச், மற்றக் கையில சாமான்.

செய்தது: தட்டின்ர மேல் விளிம்புக்குக் கீழ தண்ணி புகாத எல்ஈடி பட்டி. கணக்கைப் பாருங்கோ, இது ஆறாம் வகுப்புக் கணக்கு. பட்டி 24 வாற், வாகனம் 12 வோல்ற், அப்ப 2 அம்பியர். நான் போட்டது 1.5 சதுர மில்லிமீற்றர் வயர், 5 அம்பியர் பியூஸ்.

இதில கனபேர் குழம்புற ஒரு விஷயம் இருக்கு. பியூஸ் லைற்றைக் காப்பாத்த இல்லை, வயரைக் காப்பாத்த. வயர் எங்கயாவது உரசி பொடியில முட்டினா, பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை அதுக்குள்ளால தள்ளும், வயர் நெருப்புப் பிடிக்கும். அதால பியூஸ் பற்றரிக்குக் கிட்ட இருக்கவேணும். லைற்றுக்குக் கிட்டப் பியூஸைப் போட்டா, பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில இருக்கிற மூண்டு மீற்றர் வயரை ஆர் காக்கிறது?

2 அம்பியருக்கு ரிலே தேவையில்லை. ஆனா நாளைக்குப் பெரிய வேலை லைற் போடப்போறீங்கள் எண்டா ரிலே வேணும். ரிலேயில 30, 85, 86, 87 எண்டு நம்பர் இருக்கும். கோட் எழுதுற ஆக்களுக்கு இது லேசு. 85 க்கும் 86 க்கும் இடையில கரண்ட் போனா, 30 உம் 87 உம் ஒட்டும். ஒரு இஃப் கூற்று, அவ்வளவுதான். சின்னச் சுவிட்ச் சின்னக் கரண்டைக் கையாளும், பெரிய கரண்ட் ரிலேக்குள்ளால போகும்.

3. உப்பும் துருவும்: 480 குரோனர்

இதைப் படம் எடுத்து இன்ஸ்ராவில போடேலாது. ஆனா ஆறிலயும் முக்கியமானது இதுதான்.

பிக்கப் சாதாரணக் கார் மாதிரி இல்லை. கீழ ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம், அதுக்கு மேலதான் கேபினும் தட்டும். ஒஸ்லோவில மாரி முழுக்க றோட்டில உப்பு. உப்புச் சேறு சட்டத்துக்குள்ள போய் இருந்து, உள்ளுக்குள்ளால தின்னும். இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில சில பிக்கப்புகளின்ர சட்டம் துருப்பிடிச்ச வழக்கில 2016 இல ரொயோட்டா ஒத்துக்கொண்ட தீர்வின்ர மதிப்பு 3.4 பில்லியன் டொலர் வரைக்கும் போனது.

செய்தது: ஓகஸ்ட்டில, நல்ல வெயிலில, கீழ்ப்பக்கத்தைத் தண்ணி அடிச்சுக் கழுவி, ரெண்டு நாள் காய விட்டு, தளர்ந்த துருவை வயர் பிரஷால உரசி, சட்டத்தின்ர துவாரங்களுக்குள்ளால நீளக் குழாய் வைச்சு மெழுகு எண்ணெய் அடிச்சது. சட்டத்தில இருக்கிற தண்ணி வடியிற ஓட்டையள் சேறால அடைபட்டிருந்தா, ஒரு கம்பியால குத்தித் திறவுங்கோ. அதுக்குக் காசே இல்லை. பிறேக்கிலயும் எக்ஸோஸ்ற்றிலயும் எண்ணெய் படக்கூடாது, பொலித்தீனால மூடுங்கோ. ஜாக்கில மட்டும் நிக்கிற வாகனத்துக்குக் கீழ ஒருநாளும் படுக்காதீங்கோ, ஸ்ராண்ட் கட்டாயம்.

4. எஞ்சின் சூடாக்கிக்குக் கொஞ்ச மூளை: 550 குரோனர்

என்ர பிக்கப்பில எஞ்சின் சூடாக்கி ஏற்கெனவே இருந்தது. இங்க கனக்கப் பழைய வாகனங்களில இருக்கும். நெஸ்பியென் எண்ட ஊரில இருக்கிற டெஃபா கொம்பனிதான் இதுக்குப் பேர்போனது. கரைச்சல் என்னெண்டா, ஒண்டில் ஆக்கள் மறந்துபோவினம், இல்லாட்டி இரவு முழுக்கப் போட்டுவிட்டு கரண்டை வீணாக்குவினம்.

செய்தது: வெளியில பாவிக்கத் தகுந்த, சூடாக்கியின்ர வாற்றுக்குப் போதுமான ஒரு ஸ்மார்ட் பிளக். அறைக்குள்ள பாவிக்கிற பிளக்கை வெளியில கொழுவாதீங்கோ, அது விளையாட்டில்லை. மிச்சம் முப்பது வரி பைதன். நோர்வே வானிலை நிலையத்தின்ர முன்னறிவிப்பு ஏபிஐ எல்லாருக்கும் இலவசம். யர் செயலியில நீங்கள் பாக்கிற அதே தரவு. ஒரு நிபந்தனை, கேக்கிற புரோகிராம் தான் ஆர் எண்டு யூசர் ஏஜென்ற் வரியில சொல்லவேணும், இல்லாட்டிக் கதவை மூடிப்போடும். ஸ்கிரிப்ற் இரவு பத்து மணிக்கு அடுத்த நாள் காலமையின்ர வெப்பநிலையைப் பாக்கும். பூச்சியத்துக்குக் கிட்ட எண்டா ஒரு மணித்தியாலம், மைனஸ் 10 எண்டா ரெண்டு, மைனஸ் 20 எண்டா மூண்டு. 5 பாகைக்கு மேல எண்டா போடாது.

மாமா இதைப் பாத்துப்போட்டுச் சிரிச்சார். மண்ணெண்ணெய் எஞ்சினைச் சூடாக்கப் பெற்றோல் துளியைக் கணக்குப் பாத்துத்தான் விட்டவை. "உன்ர பைதனும் அந்தத் துளிக் கணக்குத்தான்," எண்டார்.

5. எஞ்சின் சொல்லுறதைக் கேக்கிறது: 390 குரோனர்

ஸ்ரியறிங்குக்குக் கீழ ஒரு 16 ஊசிச் சொக்கற் இருக்கும், ஓபிடி. ஐரோப்பாவில பெற்றோல் கார்களுக்கு 2001 இல இருந்தும் டீசல் கார்களுக்கு 2004 இல இருந்தும் கட்டாயம். அதுக்குள்ள ஒரு ஈஎல்எம் 327 வகைப் புளூரூத் துண்டைக் கொழுவி, ஒரு ஈஎஸ்பி 32 பலகையும் சின்னத் திரையும் சேர்த்தா, டாஷ்போர்ட் காட்டாத எண்களை நீங்கள் பாக்கலாம்.

எஞ்சின் வேகத்தைக் கேட்டா ரெண்டு எண் திரும்பி வரும். முதலாவதை 256 ஆல பெருக்கி, ரெண்டாவதைக் கூட்டி, 4 ஆல பிரியுங்கோ. 11 உம் 184 உம் வந்தா 2816 உம் 184 உம் 3000, நாலில ஒண்டு 750. வாகனம் சும்மா நிண்டு உறுமுது. குளிராக்கித் தண்ணியின்ர சூட்டுக்கு ஒரே எண், அதில 40 ஐக் கழியுங்கோ. 130 வந்தா 90 பாகை. இந்த ரெண்டும் போதும், உங்கட தெர்மோஸ்ராற் செத்துக்கொண்டு போகுதோ எண்டு கண்டுபிடிக்க.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்டு, இந்தத் துண்டைக் கொழுவினபடி விட்டிட்டுப் போகாதீங்கோ. 50 மில்லி அம்பியர் இழுக்கிற துண்டு ஒரு மாதத்தில 36 அம்பியர்மணி குடிக்கும், 70 அம்பியர்மணி பற்றரியில அது பாதி. ரெண்டு, மலிவுத் துண்டுகளில பாதுகாப்பு ஏறக்குறைய இல்லை. 2015 இல சார்லி மில்லரும் கிறிஸ் வலசெக்கும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒண்டை இணையத்தால பிடிச்சுக் காட்டினவை, 14 லட்சம் வாகனங்கள் திருப்பிக் கூப்பிடப்பட்டது. அதே வலையமைப்பில நீங்களா ஒரு கதவைத் திறந்து விடவேண்டாம். வாசிக்க மட்டும் செய்யுங்கோ, எழுதாதீங்கோ.

6. பேர்: 300 குரோனர்

2017 இல இருந்து நோர்வேயில உங்கட சொந்தப் பேரில நம்பர் தகடு எடுக்கலாம், 10 வருஷத்துக்கு, ஆயிரக்கணக்கான குரோனர் குடுத்து. ஆனா கூடினது 7 எழுத்து, அதுவும் லத்தீன் எழுத்து. எங்கட பேரில பாதிகூட அதுக்குள்ள அடங்காது.

ஊரில லொறிக்கும் மினிபஸ்ஸுக்கும் முன் கண்ணாடியில பேர் இருக்கும். சாமி பேர், பிள்ளையின்ர பேர், சில நேரம் ஒரு பகிடி. அந்த வழக்கத்தில நானும் பின்கதவில தமிழில ஒட்டினனான், வினைல் ஒட்டி. என்ன பேர் எண்டு சொல்லமாட்டன், ஸ்ரூவ்னர் பக்கம் கண்டா வாசியுங்கோ.

இதில ஒரு தொழில்நுட்பப் பொறி இருக்கு. வினைல் வெட்டுற மெஷினோட வாற மென்பொருள் கனக்கத் தமிழைக் குழப்பும். "கொ" எண்டு எழுதினா யூனிகோட்டில முதல் "க", பிறகுதான் உயிர்க்குறி. திரையில கொம்பு முன்னுக்கு வரவேணும். அந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருள் கொம்பைப் பின்னால போட்டு வெட்டித் தரும். வழி: இங்க்ஸ்கேப்பில எழுதுங்கோ, அது தமிழைச் சரியா அடுக்கும். பிறகு எழுத்தை வெறும் கோட்டு வடிவமா மாத்தி, எஸ்விஜி கோப்பா அனுப்புங்கோ. அதுக்குப் பிறகு மெஷினுக்கு அது எழுத்தில்லை, படம்.

தொடக்கூடாத இடங்கள்

யூரியூப்பில பாக்கிறதெல்லாம் இங்க செய்யேலாது. 2007 இல ரொப் கியர் நிகழ்ச்சி காந்த வட துருவத்துக்குக் கொண்டுபோன ஹைலக்ஸை மாத்தினது ஆர்க்ரிக் ட்ரக்ஸ் எண்ட ஐஸ்லாந்துக் கொம்பனி. 38 அங்குல ரயர், வெட்டின மட்காட், உயர்த்தின சஸ்பென்ஷன். அது பொறியியலாளர் செய்த வேலை, காசும் அப்பிடித்தான். நாங்கள் வீட்டு வாசலில செய்யிறது வேற.

சஸ்பென்ஷன், பிறேக், ஸ்ரியறிங், எயார்பாக், எஞ்சின் சக்தி, இதுகளைத் தொடாதீங்கோ. மாத்தினா ஸ்தாத்தென்ஸ் வேக்வேசனின்ர அனுமதி வேணும், இன்சூரன்ஸுக்கும் சொல்லவேணும். பச்சைத் தகட்டு வாகனத்தில பின்னுக்குச் சீற் போடுறது வாகன வகையையே மாத்திறது, அதோட வரிக் கேள்வியும் வரும். முன்னுக்கு எல்ஈடி பார் எல்லாருக்கும் ஆசை. போடுறதெண்டா ஈ முத்திரை உள்ளதாப் பாருங்கோ. ஹைபீம் லைற் எல்லாத்திலயும் ஒரு குறிப்பு எண் அடிச்சிருக்கும், ஒரே நேரத்தில எரியிறதுகளின்ர கூட்டுத்தொகை 100 ஐத் தாண்டக்கூடாது. ஹைபீம் அணையேக்க அதுவும் சேர்ந்து அணையவேணும். வேலை லைற்றைப் போட்டுக்கொண்டு றோட்டில ஓடக்கூடாது.

நாலு வருஷத்துக்குப் பிறகு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஈயூ கொன்ட்ரோல் வரும் எண்டதை மனசில வைச்சுக்கொண்டு வயரை ஓட்டுங்கோ. நீங்கள் போட்டதைக் கழட்டி, வாகனத்தைத் திரும்பப் பழையபடி ஆக்க ஒரு பின்னேரம் போதுமா? போதும் எண்டா நல்ல மாற்றம்.

ஒரு வீட்டுவேலை

மாமாவுக்கு இப்ப அறுபத்தி நாலு. முழங்கால் ஏலாது, வாகனத்துக்குக் கீழ படுக்கமாட்டார். கதிரையைப் போட்டு இருந்துகொண்டு எனக்குச் சொல்லித் தந்தவர். ஸ்டார்ட் மோட்டார் தர்ற சத்தத்தில பற்றரி பலவீனமோ தொடுப்புத் தளர்வோ எண்டு பிரிச்சுச் சொல்லுவார். அது எங்கயும் எழுதி இல்லை. அவரின்ர பிள்ளையள் ரெண்டுபேரும் ஓட்டுறது, பொனெற்றைத் திறந்தா பிளாஸ்ரிக் மூடி மட்டும் தெரியிற கார். அவையைக் குறை சொல்லேல்லை, நல்ல கார்தான். ஆனா அவரிட்டக் கேக்க அவைக்கு ஒரு கேள்வி இல்லாமல் போட்டுது. எனக்கு அந்தக் கேள்வியைத் தந்தது இந்தப் பிக்கப்.

உங்கட வீட்டிலயும் ஒருத்தர் இருப்பார். பின்மார்க்கில மீன் பக்ரறி மெஷினைத் திருத்தின அப்பா, லான்ட்மாஸ்ரரை ரெண்டாக் கழட்டிப் பூட்டின பெரியப்பா, தையல் மெஷினைத் தானே எண்ணெய் போட்டுத் திருத்தின அம்மா. "அப்பா, தடைக்காலம் எப்பிடி இருந்தது?" எண்டு பொதுவாக் கேட்டா "ஓ, கஷ்டம்தான்" எண்டு முடிச்சுப்போடுவினம். கையில ஒரு பொருளோட போங்கோ. பழைய ரேடியோ, ஓடாத சைக்கிள், எரியாத லைற். "இது ஏன் வேலை செய்யேல்லை?" எண்டு கேளுங்கோ. ஃபோனில ரெக்கோர்டரைப் போட்டு மேசையில வையுங்கோ, பிறகு பாருங்கோ எவ்வளவு கதை வருது எண்டு.

வாகனம் இருக்கிற ஆக்களுக்கு இன்னும் சின்ன வேலை. இந்தச் சனிக்கிழமை பியூஸ் பெட்டி மூடியைக் கழட்டி, அதின்ர உள்பக்கத்தில இருக்கிற படத்தை ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கோ. அஞ்சு நிமிஷம், செலவு பூச்சியம். ஒருநாள் ஈ6 ஓரத்தில, மழைக்குள்ள, துடைப்பான் ஓடாமல் நிக்கேக்க அது உதவும்.

அடுத்த எபிசோட்டில அந்த முப்பது வரி பைதனை வரி வரியாப் பாப்பம். குளிர் வர முதல் கீழ்ப்பக்கத்தைக் கழுவுங்கோ.